தொட்டிக்குப் பெயர் தெரியாது

ஆகஸ்ட் 3, ஞாயிறு. 09:10. ஆம்பல் தளம், நிலவின் தென்முனை

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

விசாரணையில் மூடிக்கொண்டேன். இரங்கல் கூட்டத்தில் மூடிக்கொண்டேன். அவர்கள் அவளுக்குப் பச்சை வில்லை குத்திய சான்றிதழ் கொடுத்தபோதும், மற்றவர்கள் கைதட்டுகையில் தட்டாமல் நின்றதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. கீழே இருப்பவை என் பணிக் குறிப்புகள். எழுதிய நாளில் எழுதியபடியே தருகிறேன். பெறுபவர் யாரானாலும் வரிசையாகப் படிக்கவும்.

மே 9, வெள்ளி. 07:30. நீர்நிலையம்

மூன்று தொட்டிகளும் சீர். இங்கே குடிக்கும் தண்ணீரில் பாதி, பள்ளத்தின் நிழலில் வெட்டியெடுத்த பனி. மீதி, தளத்தில் உள்ளவர்களின் சிறுநீரும் வியர்வையும். வடிகட்டுவதும் அளப்பதும் என் வேலை. நிலையம் பள்ளத்தின் விளிம்பில் தனியாக இருக்கிறது. நானும் தொட்டிகளும் மட்டும்.

வடிகட்டுமுன் எடுத்த அளவு: அம்மோனியா வழக்கம்போல். மருந்துச் சுவடுகளும் வழக்கம்போல். சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, தைராய்டு, தூக்க மாத்திரை கொஞ்சம், மனச்சோர்வுக்கானது கொஞ்சம், வலிப்பு மாத்திரை மிகக் கொஞ்சம். யாருடையது எது என்று தொட்டிக்குத் தெரியாது. எனக்கும் தெரிய வேண்டியதில்லை.

பனிவண்டி நான்கின் ஓட்டுநர் கித்தேரியின் வானொலி:

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எங்க மூத்திரம் எப்படி? உப்பு ஒறைப்பெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு. பனி எப்ப வரும்?"

"வரும் வரும். டாக்டர் பட்டம் வாங்கிட்டு கக்கூஸ் தண்ணி அளக்குதியளே, ஒங்க வீட்ல தெரியுமா?"

வீட்டில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறாள். அவள் கேட்டால் வலிப்பதில்லை.

மே 12, திங்கள். 11:00

நிர்வாகி ரகோத்தமன் அறிவிப்பு: 'தூய்மைத் திட்டம்.' வேறொரு தளத்தில் போதையில் இருந்த ஓட்டுநர் ஒருவர் கதவை உடைத்துவிட்டாராம். ஆகவே இனி ஒவ்வொரு அறையின் கழிவறையிலும் உணர்கருவி. முதலில் பட்டறைப் பகுதி, ஜூன் 8 முதல் ஓட்டுநர்களின் அறைகளும் வண்டிகளும். முடிவு உடனே பணிப்பலகையில் பெயரோடு வரும். பச்சை, அல்லது சிவப்பு. சிவப்பு வந்தால் மூன்று நாளில் மருத்துவர் விசாரித்து நீக்குவார்.

முதலில் சிவப்பு, பிறகு விசாரணை. இந்த வரிசையை யோசித்தது ரகோத்தமனாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் என் கீழ் ஆய்வு உதவியாளர். என் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவர். பெயர்களை எங்கே போடுவது என்பதில் அவருக்கு அன்றே நல்ல பயிற்சி.

மே 16, வெள்ளி. 18:20

முதல் சிவப்பு. மெக்கானிக் பாக்கியநாதன். இருமல் மருந்து குடித்திருக்கிறார். மருத்துவர் நீக்குவதற்குள் சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே யாரும் உட்காரவில்லை. நீக்கிய பிறகும் உட்காரவில்லை.

கித்தேரி:

"பாக்கியநாதன் சேதி ஊருக்குப் போயிட்டு, தெரியுமா? அவுக வீட்டம்மாகிட்ட 'ஒம்மாப்பிள்ள கஞ்சாவாமே'ன்னு மீன் ஏலத்துல வச்சே கேட்டிருக்காவ."

"அவ்வளவு சீக்கிரமா?"

"பலகைக்குப் பொறுப்பு யாரு? சவரிமுத்து மாமா. எங்க ஊரு. இங்க முக்காவாசிப் பேரு எங்க ஊரு. கோயில் மணி அடிக்கதுக்கு முன்ன சேதி போயிரும்."

நிறுவனம் முத்துக்குளித்த கரையிலிருந்து ஆளெடுத்தது. மூச்சுக்கவசம் மாட்டப் பயப்படாத ஜனம் என்று. ஒருவர் கைகாட்டி அடுத்தவர், அவர் கைகாட்டி அவர் மச்சான். இங்கே பலகையில் ஒரு நிறம் மாறினால் கரையில் ஒரு தெரு திரும்பிப் பார்க்கும்.

மே 18, ஞாயிறு. 15:00

இதைப் பணிக் குறிப்பில் எழுதக் கூடாது. பூட்டிய பக்கத்தில் எழுதுகிறேன்.

கித்தேரி தனி அலைவரிசைக்கு வரச் சொன்னாள்.

"அண்ணாச்சி, எனக்கு வலிப்பு உண்டு. பதினாறு வயசுல ரெண்டு தடவ வந்துச்சு. மாத்திரை போட்ட நாள்லருந்து வந்ததேயில்ல. சேரும்போது டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். ஓட்டலாம்னு எழுதிக் கொடுத்து மூடி வச்சுட்டாவ."

"சரி. அப்புறம் என்ன?"

"அந்த மாத்திரை செவப்புல வருமா?"

வரும். ஃபீனோபார்பிட்டோன். கருவிக்கு அது போதை மருந்துக் குடும்பம். மூடி வைத்த மருத்துவக் கோப்பில் இருப்பதைக் கருவி படிக்காது.

"அப்ப நிறுத்திருதேன். ஒடம்ப விட்டுப் போக எத்தன நாள் ஆவும்?"

"பைத்தியமா உனக்கு? இதை ஒரேயடியா நிறுத்துனா, இல்லாத வலிப்பும் வரும்."

"கோவப்படாதிய. அமலிக்குக் கல்யாணம் பேசியாச்சுல்லா. ஜூன்ல மூணு ஞாயித்துக்கெழம ஓல வாசிப்பாவ. அது முடியட்டும், திரும்பப் போட்டுக்கிடுதேன்."

அமலி அவள் தங்கை. ஓலை என்றால் என்னவென்று அவளே விளக்கினாள். கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம். அக்காளுக்கு வலிப்பு என்பது திருச்சபைக்குத் தடையில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தடை.

"இது வெளிய தெரிஞ்சிரும்னுதான் எனக்கு வந்த சம்பந்தத்தையெல்லாம் வேண்டாம்னுட்டேன். அவளுக்காவது அமையட்டும்."

வேறு வேலைக்கு மாறச் சொன்னேன். மாற்றக் கேட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் சவரிமுத்துவின் மேசைக்குப் போகும். மருத்துவரிடம் நானே பேசட்டுமா என்றேன்.

"நம்பித்தான சொன்னேன்?"

சரி, சொல்ல மாட்டேன் என்றேன்.

"வாரதுக்கு முன்ன எனக்கு ஒரு அடையாளம் உண்டு அண்ணாச்சி. கருவாடு சுடுற வாசம் வரும். நிலாவுல ஏது கருவாடு? வந்தா ஒடனே வண்டிய நிறுத்திருதேன். போதுமா?"

மே 24, சனி. 12:00

நிர்வாகத்துக்கு மனு அனுப்பினேன். முடிவுகள் மருத்துவருக்கு மட்டும் போகட்டும். ஒரு மனிதனின் உடம்பில் இருப்பது பலகைக்கு உரியதல்ல. மருந்தை மறைக்கும் தளம் மருந்து தின்னும் தளத்தைவிட ஆபத்தானது. பெயர் போடவில்லை. நான் தினமும் பேசுவது ஒரே ஒருத்தியோடு. என் பெயர் போனால் அதன் பின்னாலேயே அவள் பெயரும் போகும்.

மே 26, திங்கள். 10:05

பதில் பலகையில் வந்தது, எல்லோரும் பார்க்க:

"பெயரும் பணி எண்ணும் இல்லாத மனுக்கள் பரிசீலிக்கப்படா. மறைக்க ஏதுமில்லாதவர் பெயரை மறைக்க மாட்டார். - ரகோத்தமன்."

ஜூன் 8, ஞாயிறு. 13:40

வண்டிகளில் கருவி பொருத்தியாயிற்று. வண்டி நான்கு: பச்சை.

"முதல் ஓல வாசிச்சாச்சு அண்ணாச்சி! சாமியாரு அமலி பேரத் தப்பா வாசிச்சாராம். 'அமலோற்பவம்'னு முழுசா வாசிக்கதுக்குள்ள இருமிட்டாராம். அவருக்கும் ஒரு கருவி வைக்கணும்."

சிரித்தோம். தொட்டி அளவில் வலிப்பு மாத்திரையின் சுவடு இல்லை. நாற்பது தடவை அளந்திருப்பேன். ஒரு சுவடு இருந்துவிடாதா என்று.

ஜூன் 15, ஞாயிறு. 14:15

இரண்டாம் ஓலை. பச்சை.

"இன்னும் ஒண்ணு. சேலை எடுத்தாச்சு, அரக்குல. எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்காளாம். நான் இங்கருந்து எறங்குததுக்குள்ள பூச்சி அரிக்காம இருந்தா சரி."

தூக்கம் சரியில்லை என்றாள். கை நடுங்குகிறதாம். சனிக்கிழமை வரை உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள் என்றேன். படுத்தால் மருத்துவர் ரத்தம் எடுப்பாராம்.

ஜூன் 19, வியாழன். 16:52

எழுதிவிடுகிறேன். பிறகு எழுத முடியாது.

சரிவுப் பாதையில் முழுச் சுமையோடு ஏறிக்கொண்டிருந்தாள். சாப்பாடு பற்றிப் பேச்சு.

"கல்யாணத்துக்கு நீங்க வந்திருந்தா சாப்பாட்டப் பாத்து மெரண்டுருப்பிய. எங்க ஊர்ல கையைக் கழுவ விடமாட்டோம், அதுக்குள்ள அடுத்த கரண்டி விழும்."

"நான் பத்தியச் சாப்பாட்டுக்காரன்."

"ஆமா, ஆமா. அளந்து அளந்து திங்கிற ஆளு."

சரிவின் பாதியைத் தாண்டினாள். பிறகு:

"அண்ணாச்சி. கருவாட்டு வாசம் வருது."

"நிறுத்து. பிரேக். கித்தேரி, பிரேக்கைப் போடு."

"போடுதேன். எவ்வளவு நல்ல வாச"

அவ்வளவுதான். அதன் பிறகு வானொலியில் பல் கடிபடும் சத்தம். பிறகு வண்டியின் சத்தம். இங்கே கனம் ஆறில் ஒரு பங்குதான், எல்லாம் மெதுவாகத்தான் விழும். நீண்ட நேரம் விழுந்தது. நான் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி. 08:00

தொட்டிகள் சீர்.

ஜூன் 27, வெள்ளி. 11:30

விசாரணை அறிக்கை பலகையில்:

"விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு. பதிவின்படி, கடைசி நிமிடங்களில் அவர் உணவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உடல் சோதனையில் எந்தப் போதைப் பொருளும் இல்லை. முடிவு: பச்சை. தூய்மைத் திட்டத்துக்குத் தம்மை முழுமையாக ஒப்புக்கொடுத்த பணியாளர் என அவரை நினைவுகூர்கிறோம்."

என்னைக் கேட்டார்கள். வாசம் பற்றி அவர் சொன்னதற்கு ஏதேனும் பொருள் உண்டா என்றார் ரகோத்தமன். ஊர் ஞாபகமாக இருக்கும் என்றேன். துக்கத்தால் தள்ளிப்போன மூன்றாம் ஓலை ஊரில் இன்னும் வாசிக்கப்படவில்லை.

அவள் உடம்பில் இருந்திருக்க வேண்டிய ஒரே பொருள் இல்லை. அதற்குத்தான் பச்சை.

ஜூலை 7, திங்கள். 09:00

திட்டம் விரிவாகிறது. 'வெற்றியைத் தொடர்ந்து' என்று எழுதியிருக்கிறார்கள். இனி மூன்றாவது நிறம்: மஞ்சள். போதையல்லாத எல்லா மருந்துகளுக்கும்.

ஜூலை 30, புதன். 17:10

பூமியிலிருந்து எனக்கு முதல் முறையாக ஒரு குரல். அமலி.

"அண்ணாச்சி, அக்கா ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. முப்பதாம் நாள் பூச முடிஞ்சு, சத்தமில்லாம எங்க கல்யாணத்த வச்சாவ. ஒண்ணு கேக்கணும். அக்கா மாத்திரைய நிறுத்திட்டாளா? பொய் சொல்லாதிய. பதிவுல அந்தக் கருவாட்டு வாசத்தப் பத்திப் போட்டிருந்தத சவரிமுத்து மாமா சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சிட்டு."

சற்று அழுகை. பிறகு:

"எனக்காகவா செஞ்சா? அண்ணாச்சி, நான் எங்க வீட்டுக்காரவுககிட்ட அவுக பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டேன், எங்க அக்காவுக்கு இப்படின்னு. 'அதனால என்ன, எங்க சித்தப்பாவுக்கும் உண்டு'ன்னாவ. அக்கா லீவுல வரட்டும், நேர்ல சொல்லிச் சிரிக்கலாம்னு வச்சிருந்தேன். போன்ல சொன்னா மாமா காதுல விழும்னு பயந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்லா?

நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. எல்லாத்தையும் சொல்லிருங்க. அவ கவனமில்லாம ஓட்டுனான்னு மட்டும் இருக்கக் கூடாது."

பதில் அனுப்ப உட்கார்ந்தேன். 'ஆம், நிறுத்தினாள்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மூடிய கோப்பு, தனி அலைவரிசை, காத்திருந்த தங்கை. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பலகை. ஒருவரிடம் ஒருவர் மெதுவாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதை அது எல்லோருக்கும் உரக்கச் சொல்லக் காத்திருந்தது. அதனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. 07:30. நீர்நிலையம்

இன்றைய அளவு, வடிகட்டுமுன்:

மனச்சோர்வு மாத்திரை: இல்லை. தூக்க மாத்திரை: இல்லை. தைராய்டு: இல்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை: போன வாரத்தில் பாதி. சர்க்கரை மாத்திரை: மிகக் கொஞ்சம். ஆனால் சர்க்கரை இருக்கிறது. நிறைய.

மஞ்சள் அறிவிப்பு வந்ததிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. நோய்கள் தளத்தை விட்டுப் போகவில்லை. மருந்துகள் போகின்றன. என் வேலைக்காலத்தில் இத்தனை சுத்தமான தண்ணீரை நான் பார்த்ததில்லை.

பலகை முழுக்கப் பச்சை. இன்று சரிவுப் பாதையில் ஐந்து வண்டிகள் ஓடுகின்றன. ஓட்டுபவர்களில் யார் எதை நிறுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. வானொலியைத் திறந்து வைத்திருக்கிறேன். யாராவது எதையாவது முகர்ந்தால் சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா?

09:40

இதை நிர்வாகத்துக்கு அனுப்பப் போவதில்லை. எல்லா வண்டிகளும் எல்லா அறைகளும் கரையிலுள்ள வீடுகளும் பெறும் பொது அலையில் போடுகிறேன். மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றே மீண்டும் தொடங்குங்கள். மஞ்சள் வரட்டும். எல்லோருக்கும் வந்தால் அது வெறும் நிறம்.

அவள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அமலியின் சம்மதம் இருக்கிறது. கித்தேரியுடைய சம்மதம் இல்லை. அதை இனி எங்கே போய்க் கேட்பேன்.

கீழே கையெழுத்துக்கான இடத்தில் என் பெயரைத் தட்டினேன். ஆறு வரி படித்ததும் யார் எழுதியது என்று ரகோத்தமனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். வந்து கேட்கட்டும். கருவியை வைத்துக் கண்டுபிடிக்கட்டும். ஆனால் பெயரை நானாகக் கொடுக்க மாட்டேன். கொடுப்பதா வேண்டாமா என்பது என் விருப்பம். கித்தேரி கேட்டதும் இந்த விருப்பத்தைத்தான், இவ்வளவைத்தான்.

பெயரை அழித்துவிட்டேன். இப்படியே போடுகிறேன்.