இடது பின்பக்கத்து நீலம்

நேற்று கம்பெனியில், துணியின் நிறம் ஒத்துப் பார்க்கிற ஷேடு அட்டைகள் அடைத்து வைத்திருந்த இரும்பு பீரோவைக் காலி செய்தோம். பழைய ஆர்டர் ஃபைல் ஒன்றிலிருந்து ஒரு அளவுத்தாள் நழுவி விழுந்தது. முன்பக்கம் ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைகளின் பனியன் அளவுகள். திருப்பினால் உன் கையெழுத்து. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மேலே அடிக்கோடு போட்டு, ‘வண்டி பார்க்கப் போகும்போது’ என்று எழுதியிருந்தாய்.

எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும், நாம் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படு. சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதே, வருஷத்தையும் பார், நின்ற வண்டிக்கும் எண்ணெய் கெடும். டயர் பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதே, பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று அது சொல்லும். இப்படியே போய், கடைசி வரியில், ‘நாலு பக்கமும் பெயின்ட். இதை அவ பார்ப்பா.’

அந்த ‘அவ’ நான்தான். நாலு பக்கத்துக்கும் எதிரே பச்சைப் பேனாவில் நான் போட்ட டிக் அப்படியே இருக்கிறது. அவற்றில் ஒன்று பொய்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். யாருக்குப் பிரயோசனம் என்று தெரியவில்லை.

வேலம்பாளையம் கம்பெனியில் ஒரே செக்கிங் டேபிளில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் நாம். நீ தெற்கே கடலோரத்திலிருந்து அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவள். நான் மங்கலத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தவள். முதல் நாள் நீ என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டபோது, வைகிறாய் என்று நினைத்து ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உன் டப்பாவிலிருந்த கருவாட்டைப் பாதி எடுத்து என் தட்டில் வைத்தாய். அதற்குப் பிறகு இருபது வருஷம் நமக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

அந்த டேபிளில் நின்ற காலத்தில்தான் ஒருநாள் ஆர்டர் கொடுக்கிற ஏஜென்ட் ஒருவர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். ரெண்டே கதவு, தரையோடு ஒட்டின உடம்பு. மிதிபட்ட தவளை மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் கையிலிருந்த பீஸோடு வாசலுக்கே போய்விட்டாய். திரும்பி வந்து, “ஒருநா நானும் இதுல போவேன் பாத்துக்கோ” என்றாய். அதற்கும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். ஆனால் நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீ எம்பிராய்டரி பழகினாய். பழைய மிஷின் ஒன்றை வாங்கிப்போட்டுத் தொழில் ஆரம்பித்தாய். பத்து வருஷத்தில் உன் பெயரில் ஒரு யூனிட். நான் அதே கம்பெனியில், துணிக்குத் துணி நிறம் மாறாமல் இருக்கிறதா என்று ஷேடு பார்க்கிற மேடம் ஆனேன். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம், “வண்டி வாங்கிட்டு யோசிக்கேன்” என்று பதில் சொல்வாய்.

வண்டி வாங்குவதற்கு முந்தின ஒரு வருஷம் முழுக்க நீ செல்போனில் கார் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாய். பார்த்ததையெல்லாம் எனக்குச் சொன்னாய். “ஏட்டி, கிளட்ச் தேஞ்சிருக்கான்னு எப்பிடிப் பாக்கணும் தெரியுமா? பெரிய கியர்ல போட்டு மிதி. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா போச்சுன்னு அர்த்தம்.” இன்னொரு நாள், “எஞ்சின அளவுக்கு மீறி எத்தன தடவ முறுக்குனான்னு வண்டிக்குள்ள இருக்க கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துரும்ட்டி” என்றாய். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன்.

கோயமுத்தூரில் அந்த வியாபாரியின் கொட்டகைக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி ரெண்டு கதவு, கருநீல வண்டி. வெள்ளைச் சட்டைக்காரர் கும்பிட்டபடி வந்தார். “வாங்க அம்மிணி. ஒரே ஓனருங்க. டாக்டருங்க. ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் எடுப்பாருங்க.” நீ எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். சில்லென்று இருந்ததுபோல. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். டயரின் நாலு எண்ணைப் படித்தாய். சர்வீஸ் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்தாய். வாடகைக்கு எடுத்து வந்த கருவியை வண்டிக் கம்ப்யூட்டரில் செருகி அதில் வந்ததையும் படித்தாய். “எல்லாம் சுத்தம்ட்டி. இனி உன் வேல” என்றாய்.

நான் டார்ச்சோடு சுற்றி வந்தேன். இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது. நேராகப் பார்த்தால் கதவும் சக்கரத்துக்கு மேலிருந்த தகடும் ஒரே நீலம். குனிந்து சாய்வாகப் பார்த்தேன். கதவில், பெயின்டில் கலந்த பளபளப்புப் பொடி ஒரே சீராகப் படிந்திருந்தது. பின்னால் அது கலங்கிக் கிடந்தது. ஒரு ஆர்டரில் வேறு வேறு சமயம் சாயம் போட்ட ரெண்டு லாட் துணி கலந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அங்கே மட்டும் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கம்பெனியாக இருந்தால் யோசிக்காமல் ஒதுக்கியிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் நீ உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாய்: “எப்பிடிட்டி?”

“எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது” என்றேன். தாளில் நாலாவது டிக்கையும் போட்டேன்.

அதற்கப்புறமும் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டாய். “தாராளமா பாருங்க அம்மிணி. லிஃப்ட்டு நாளன்னிக்குத்தான் கெடைக்குமுங்க. கேரளாப் பார்ட்டி ஒண்ணு சாயங்காலமே வர்றேன்னுருக்காங்க” என்றார் அவர். நீ என்னைப் பார்த்தாய். “நாளான்னைக்கு வருவமாட்டி?” வருவோம் என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

“உனக்குப் புடிச்சுப்போச்சில்ல. அப்பறமென்ன புள்ள” என்றேன்.

உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்றுதான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. மறுபாதியை இங்கே எழுதுகிறேன். ஒரே டேபிளில் நின்றவர்கள் நாம். நீ அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தாய், நான் டார்ச் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தேன். வீட்டுக்குப் போனால் எனக்கு அதே ஸ்கூட்டர். இவளுக்கு ஒரு குறையுள்ள பொருள்தான் கிடைக்கட்டுமே என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான். ஆனால் பதில் சொன்னது அந்த நொடியில்தான்.

வண்டி வாங்கின முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடித்து, தலையில் போட்ட முக்காட்டோடேயே வந்து என்னை ஏற்றிக்கொண்டாய். உடுமலை தாண்டி மடத்துக்குளம் பக்கம் போனோம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நெல் வயல். நீ மிதித்தாய். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பின்னால், இடது பக்கம், அந்தக் கலங்கின நீலம் இருக்கிறது என்பது மட்டும்தான் என் நினைப்பில் இருந்தது.

“மெதுவாப் போ புள்ள.”

“பயமாட்டி?”

“கொமட்டுது.”

உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினாய். ஓடிப்போய் எலுமிச்சை சோடா வாங்கி வந்து, நான் குடித்து முடிக்கிற வரை முதுகைத் தடவிக்கொண்டே நின்றாய். என் உயிருக்குப் பயந்தபோதுகூட எனக்கு உண்மை வாயில் வரவில்லை. திரும்பி வரும் வழி பூராவும் எனக்காக நாற்பதிலேயே ஓட்டினாய்.

மூன்றாம் மாதம் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் வண்டியை மேலே தூக்கிப் பார்த்த மெக்கானிக் உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். “பின்னாடி பூராவும் வெட்டி ஒட்டியிருக்குதுங்க அம்மிணி. பெருசா அடி வாங்குன வண்டிங்க. வேகத்துல இது வுட்டுப்போச்சுன்னா ஆளு மிஞ்சாதுங்க. தயவுபண்ணி ஓட்டாதீங்க.” அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாய். உன் குரலில் கோபமே இல்லை.

“ஏட்டி, இடது பக்கம் உனக்கு வித்தியாசமா ஒண்ணும் தெரியலையா?”

“இல்ல புள்ள. அந்தக் கொட்டாயில வெளிச்சமே பத்தல.”

“சரி விடுட்டி. நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்” என்றாய். ரெண்டு பேரையும் என்றாய். முதல் பொய்க்கு ஒரு நொடிப் பொறாமை காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ரெண்டாவது பொய்யை நான் நிதானமாக, யோசித்துத்தான் சொன்னேன்.

வியாபாரி, பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்று கை விரித்துவிட்டார். அதே மாதிரி பேசாமல் யாருக்காவது கைமாற்றிவிடு என்று உனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. “இன்னொருத்தன் தலையில கட்டிட்டு நான் எப்பிடித் தூங்குவேன்?” என்று மறுத்துவிட்டாய். யூனிட்டின் பின்கட்டில் நிறுத்தி, துணி போட்டு மூடினாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் அதற்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாய் என்று உன் தம்பி சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. நாலே மாதம். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். ஒருநாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, “அந்த வண்டி...” என்று ஆரம்பித்தும் விட்டேன். நீ முந்திக்கொண்டாய். “ஆமாட்டி, வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லு தம்பிகிட்ட. பேட்டரி செத்துரும்.” சொல்கிறேன் என்றேன். சுளையை உன் வாயில் வைத்தேன். அதோடு முடிந்தது.

போன மாதம் உன் தம்பி என்னைக் கூப்பிட்டான். வண்டி பார்க்க ஈரோட்டிலிருந்து ஒருவர் மனைவியோடு வருகிறார், கூட இருக்க முடியுமா என்று கேட்டான். போனேன். துணியை விலக்கிக்கொண்டே சொன்னான்: “அடிபட்டத நாமளா சொல்லாண்டாம்க்கா. கேட்டாப் பாத்துக்கலாம்.” நான் இடது பின்பக்கத்தையே பார்த்தேன். தான் என்னைக் குற்றம் சொல்வதாக நான் நினைத்துவிட்டேன் என்று பட்டதோ என்னவோ, “நீங்க என்னக்கா செய்வீங்க? சாகுற வரைக்கும் எங்கக்கா சொல்லிக்கிட்டே இருந்தா. உங்க கண்ணுக்கே தப்பிருச்சுன்னா யாரு பாத்திருந்தாலும் தப்பியிருக்கும்னு” என்றான்.

அவர்கள் வந்தார்கள். அவர் உன்னை மாதிரியே எஞ்சின் மூடிமேல் கையை வைத்துப் பார்த்தார். அவருடைய மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். “ஏனுங்க, நீங்க இந்த ஊட்டுக்காரங்களா? வண்டி நல்லா இருக்குதுங்களா?”

அவரைக் கையைப் பிடித்து இடது பின்பக்கம் கூட்டிப்போனேன். குனியச் சொன்னேன். கதவைக் காட்டினேன், இதைக் காட்டினேன். அடியில் வெட்டி ஒட்டியிருப்பதை, மெக்கானிக் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன். “வாங்கற அன்னிக்கே நானே பாத்தேனுங்க. பாத்துட்டுச் சொல்லாம வுட்டுட்டேன்” என்றேன். உன் தம்பி கேட்டுக்கொண்டுதான் நின்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. வண்டியைப் பிரித்துப் பாகங்களாக எடுத்துக்கொள்கிற ஒருவரிடம், உள்ளதைச் சொல்லி விற்றுவிட்டான் என்று மட்டும் காதில் விழுந்தது.

அதைச் சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குரல் நடுங்கவில்லை. தலையில் ஒன்றும் இடிந்து விழவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததை உனக்கு எந்த நாளிலும் கொடுக்கவில்லையே என்று, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா கிளம்பும்போது என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நல்லவேளைங்க, நீங்க இருந்தீங்க” என்றார். தலையை ஆட்டினேன். எனக்குச் சேராத அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது.