வியாழக்கிழமை நாற்பது நிமிடம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அதில் என்னையும் சேர்க்கலாமா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருக்கிறது. குழந்தை நலம், அதில் கருத்து வேறுபாடு இல்லை. நேற்று எடை பார்த்தார்கள், ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டாள். கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து அவளை உங்கள் ஊருக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் அம்மா இரண்டு நாளாகக் குழந்தையின் துணிகளையெல்லாம் ஒரே பையில் மடித்து வைக்கிறாள். கேட்டால், "அலமாரி அடைசலா இருக்குடி, அதான்" என்கிறாள். உங்கள் தம்பி உங்களோடு போன் பேசும்போது பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவர் குரலுக்கு அந்தக் கதவு போதாது. "ஒரு ஆறு மாசம் உன்கிட்ட இருக்கட்டும்க்கா, இவ தேறி வரட்டும்" என்றது எனக்கும் கேட்டது, மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் போன் அம்மாவிடம் இருக்கிறது. என் கண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் தம்பி சொன்ன வரிசையில் கேட்டால் நான் கொஞ்சம் பயங்கரமாகத் தெரிவேன்.

குழந்தைக்கு ஆறு வாரம் ஆனபோது தடுப்பூசிக்குப் போனோம். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டும் என்று நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் போய், கடைசியில் உங்களையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். பக்கத்தில் நான்கு கட்டங்கள். நான் "சில சமயம்" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பஸ் டிப்போவில் ஆறு வருடம் டிரைவர், கண்டக்டர்களுக்கு டியூட்டி சார்ட் போட்டவள் நான். கட்டத்தைக் கண்டால் சரியாக நிரப்பத்தான் கை போகும்.

டாக்டர் நல்லவர். நிறையப் பேருக்கு வருவதுதான், சரியாகிவிடும் என்று சொல்லி மாத்திரை எழுதினார். பிறகு அம்மாவையும் உங்கள் தம்பியையும் பார்த்து, "கொஞ்ச நாளைக்கு அவங்களைத் தனியா விடாதீங்க" என்றார். அதில் பாதி துணை, பாதி காவல். துணையாக இருப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாததால் காவலை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் தம்பி அன்று மாலையே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே எடுப்பதுதான் அவர் வேலை என்பதால் தாழ்ப்பாள் என்றாலே அவருக்கு ஆகாது. கழற்றிய இடத்து ஓட்டைகளில் பட்டி மாவு அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்தார். அங்கே தாழ்ப்பாள் இருந்ததென்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வேலையில் குறை வைக்கிற மனிதர் இல்லை. முடிந்ததும் கதவைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். கதவுக்குத்தான் தைரியம் சொல்கிறாரோ என்று இருந்தது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காலையில் அம்மா. மதியம் சில நாள் மேல்வீட்டில் டியூஷன் எடுக்கும் கணக்கு டீச்சர், சில நாள் என் சிநேகிதி விசில். விசில் என்பது பட்டப்பெயர்தான். எங்கள் டிப்போவில் கண்டக்டர், மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி விசில் அடிப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் தற்செயலாக வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒருவர் வந்த பிறகுதான் மற்றவர் போனார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சாப்பிட்டா, தூங்கல, அழல" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். டிப்போவில் வண்டியை மாற்றிக்கொள்கிறவர்களும் இப்படித்தான், பிரேக் எப்படி, டயர் எப்படி என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். என்னிடம் சொல்லியிருந்தால் சார்ட்டை நானே போட்டுக் கொடுத்திருப்பேன்.

இவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அண்ணி. கேலியாகச் சொல்லவில்லை. அறுபது வயதில் அம்மா தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து எங்கள் சோபாவில் படுக்கிறாள். டீச்சர் தன் ஓய்வு நேரத்தை எனக்குக் கொடுக்கிறார். கூடவே வீட்டுப்பாடமும் கொடுக்கிறார். தினமும் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை ஒரு நோட்டில் எழுத வேண்டும், அவர் சிவப்பு மையில் திருத்துவார். மூன்று நாள் தொடர்ந்து "அம்மாவுக்கு நன்றி" என்று எழுதியதற்கு "புதிதாக யோசிக்கவும்" என்று எழுதியிருந்தார். இப்போதும் எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார். நான் நன்றி நோட்டுதான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

விசில் மட்டும்தான் என்னைத் திட்டினாள். "லூசாடி நீ? அந்தத் தாள்ல எல்லாரும் 'இல்லை'ன்னுதான் போடுவாங்க. நானும் அப்படித்தான் போட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. குழந்தையின் காலுறையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். அவள் மகன் இப்போது ஒன்றாம் வகுப்பு. அவன் பிறந்த மூன்றாம் மாதமே முழு டியூட்டி கேட்டு என் மேசைக்கு வந்து நின்றாள். பணத்துக்காக என்று நினைத்து நான் நீண்ட ரூட்டாகப் பார்த்துப் போட்டேன். "வீட்டுல இருக்கப் பயமா இருந்துச்சுடி. பஸ்ஸுல அறுபது பேர் இருப்பாங்கல்ல" என்றாள். இத்தனை வருடம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம், இதைச் சொல்லிக்கொண்டதில்லை. அன்று நோட்டில் அவள் பெயரை மூன்று முறை எழுதினேன். டீச்சர் சுழித்துவிட்டார்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அம்மா சார்ட்டை ஒட்டியிருந்தாள். அந்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவளுக்கு வங்கியில் வேலை. விசிலால் அவ்வளவு சீக்கிரம் வர முடியாது என்று அவள் பெயரை அடித்துவிட்டு டீச்சரின் பெயரை எழுதி, விசிலுக்கு வர வேண்டாம் என்று போன் செய்தும் சொல்லிவிட்டாள். டீச்சரிடம் பழைய நகல் இருந்தது. அதில் வியாழக்கிழமை விசில்தான். டீச்சரிடமும் சொல்ல வேண்டும் என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை, சார்ட்டில்தான் எழுதியாகிவிட்டதே! புதிய சார்ட் ஒட்டினால் பழையதை எங்கே இருந்தாலும் தேடிக் கிழிக்க வேண்டும். டிப்போவில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுக்கப் போனபோது அம்மாவின் தாளைப் பார்த்தேன். அன்று மதியமே டீச்சரின் விடைத்தாள் கட்டின்மேல் அவருடைய தாளைப் பார்த்தேன். இரண்டையும் பார்த்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். வியாழக்கிழமை பதினொன்றுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

நான் சொல்லவில்லை, அண்ணி.

இது உங்கள் தம்பிக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். அந்த நேரம் எனக்கு எதற்கு வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டிருந்தால் பயந்திருப்பேன். செவ்வாயும் புதனும் நன்றாகச் சாப்பிட்டேன். அம்மாவின் பேச்சுக்குச் சிரித்தேன். டீச்சர் நோட்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "டீச்சர் இறங்கி வர்றாங்க, நான் கிளம்புறேன்டி" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு லிஃப்டில் போய்விட்டாள். வந்தது தண்ணீர் கேன் போடுகிறவர். எங்கள் தளத்தைத் தாண்டிக் கீழே போனார். பிறகு சத்தம் இல்லை.

கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. உள்ளே குழந்தை விழித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஃபேனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்த மாதிரியேதான் பார்த்தாள். கதைகளில் வருவதுபோல ஒன்றும் நடக்கவில்லை. இந்த நிமிடம் அவளுக்கு இருப்பது நான் மட்டும், எனக்கு இருப்பது அவள் மட்டும் என்பது உறைத்தது. இரண்டு பேருக்கும் அது போதாது. அவளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, செருப்பு போடக்கூட நிற்காமல், படி வழியாக இறங்கினேன்.

கட்டடத்தின் கீழே ஒரு தையல்காரர் இருக்கிறார். பள்ளிச் சீருடையும் பழைய பைகளுக்கு ஜிப்பும் தைப்பார். இனிமையாகப் பேசக்கூடியவர் இல்லை. "என்னம்மா, அதுக்குள்ள சீருடைக்கு அளவெடுக்க வந்துட்டியா?" என்றார். யாராவது வரும்வரை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "புள்ளையையா? பன்னெண்டு பேன்ட் நிக்குதும்மா, நான் என்ன சும்மாவா இருக்கேன்?" என்றார். "ரெண்டு பேரையும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், வெறும் காலைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து மேசை டிராயரில் போட்டு மூடினார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். துணி வெட்டும் மேசையில் நீலத் துணிக் கட்டை நகர்த்திக் குழந்தைக்கு இடம் செய்தார். பிறகு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

குழந்தை தூங்கிவிட்டாள். ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடக்கிறோம்; அவள் தடதடவென்று ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் தூங்கினாள். நடுவில் அவர் காலர் ஒன்றைப் பிரித்து, பிசிறை எடுக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். எடுத்தேன். "மெதுவா எடும்மா, துணி ஓடாது" என்றார். பிள்ளை பிறந்த பிறகு ஒருவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது. அங்கே நாற்பது நிமிடம் இருந்தேன். அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனை எழுத டீச்சரின் நோட்டு போதாது.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிய அம்மா, காலி வீட்டைப் பார்த்து அலறினாள். உங்கள் தம்பி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டைவிட்டு ஓடியவள் என்று ஆகிவிட்டேன். "ஏன் இப்படிப் பண்ணின?" என்று அவர் கேட்டார். பதில் சொன்னால் செவ்வாய்க்கிழமையையும் சொல்ல வேண்டியிருக்கும். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். அன்று மாலையே உங்களுக்குப் போன் வந்திருக்கும்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டவுடன் சரி என்றீர்கள். மரத்தொட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டிருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதை வாங்க நீங்களும் அண்ணனும் எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களிடம் அவள் என்னைவிட நன்றாக வளர்வாள் என்று வாரத்தில் நான்கு நாள் நானே நினைக்கிறேன். மீதி மூன்று நாளில் ஒரு நாள் இன்று.

நேற்று பால்கனியிலிருந்து கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். "மத்தியான மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டா. அப்ப எடுத்துட்டுக் கிளம்பிடுக்கா. அழுகை ஆர்ப்பாட்டம் இல்லாம முடிஞ்சிரும்" என்றார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவர் "ம்" என்றார், வெகுநேரம் உள்ளே வரவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். என்மேல் உள்ள அக்கறையில்தான் அப்படி ஏற்பாடு செய்கிறார். அதற்கும் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள்தான், ஆனால் என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அண்ணி. பத்து நாளைக்கு உங்கள் துணிமணியோடு வாருங்கள். புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம். செவ்வாய்க்கிழமை அந்தத் தாள்களைப் பார்த்ததையும் பேசாமல் இருந்ததையும் அங்கே சொல்லப்போகிறேன். அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அம்மாவால் அதைத் தாங்க முடியாது. உங்கள் தம்பி இந்த முறை கதவுகளையே கழற்றிவிடுவார். அதைக் கேட்ட பிறகும் குழந்தை கொஞ்ச நாள் உங்களிடம் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னால், நானே அவளுக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, உங்கள் கையில் தருகிறேன். இடது தோளில் சாய்த்தால்தான் ஏப்பம் விடுவாள், அதையும் காட்டித் தருகிறேன்.

தூங்கும்போது மட்டும் எடுத்துப் போகாதீர்கள். விழித்துப் பார்க்கையில் அவள் இல்லையென்றால், அன்றைக்கு என்னை யார் பார்த்துக்கொண்டாலும் போதாது.

இந்தக் கடிதத்தை விசில் உங்கள் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவாள். "பிரிச்சுப் படிக்க மாட்டேன்டி, ஆனா நல்லா ஒட்டிக் குடு" என்றிருக்கிறாள். மாத்திரைகளை வேளை தவறாமல் போடுகிறேன். ஞாயிறு மதியத்து மாத்திரையை மட்டும் நீங்கள் வந்த பிறகு, உங்கள் கையால் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் அண்ணனும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வழியில் பத்திரமாக வாருங்கள். வந்ததும் முதலில் என்னிடம் பேசுங்கள், அண்ணி. குழந்தையை என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி