விளக்குப் பூட்டிய மரம்

ஸ்காபரோ, கனடா
05.11.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரேமிளா எழுதுவது. கையெழுத்தைக் கண்டவுடன் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். என் கலியாணப் படங்கள் உறை உடைக்காமலே திரும்பி வந்து ஆறு வருடமாகிறது. இந்த உறைக்குள் படம் ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி மட்டும்தான் இருக்கிறது, அதுவும் உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி.

நீங்களும் விமலேஸ்வரி அண்ணியும் விசுவமடுவில் பழைய வீட்டு வளவுக்கே திரும்பிவிட்டீர்கள் என்று வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அன்று எனக்கு வேலையில் கால் நிலத்தில் படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நத்தாருக்கு (இங்கே கிறிஸ்மஸ் என்கிறார்கள்) வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் மரம் வைப்பார்கள். மகள் அனோஜாவுக்கு ஐந்து வயது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் வீட்டிலும் மரமாம், நாங்கள் மட்டும்தான் வைக்காத ஆட்களாம். கடைக்குப் போனோம். அங்கே இரண்டு வகை. ஒன்று விளக்குப் பூட்டியே வருகிற மரம். மூன்று துண்டாகப் பெட்டிக்குள் இருக்கும், ஒன்றன்மேல் ஒன்றைச் செருகிச் சுவிச்சைப் போட்டால் சரி. மற்றது வெறும் மரம். விளக்கு மாலைகளைத் தனியாக வாங்கி நாங்களே சுற்ற வேண்டும். இவருக்குப் பூட்டிய மரம்தான் வேண்டுமாம். வேலையால் வந்து வயர்ச் சிக்கெடுக்கப் பொறுமை இல்லையாம். எனக்குத் தனி மாலை. நடுக்கடையில் நின்று அரை மணித்தியாலம் வாதாடினோம். அனோஜா பெட்டிக்கு மேல் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள்.

கடைசியில் இவர்தான் சொன்னார்: "உம்மடை அண்ணை லைற்காரன் எண்டு நெடுகச் சொல்லுவீர். அவரையே கேளுமன்."

அதனால்தான் கேட்கிறேன். பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு நீங்கள் வீதி முழுக்க மாலை கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். உங்களைவிட இதைச் சொல்லக்கூடிய ஆள் எனக்கு உலகத்தில் இல்லை. ஒரு சொல் எழுதினாலும் போதும்: பூட்டியது, அல்லது தனி.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
பிரேமிளா

*

விசுவமடு
29.12.2000

பிரேமிளாவுக்கு,

உன் கடிதம் இந்த மாதம் இருபத்திரண்டாம் திகதி கிடைத்தது. உறையில் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. வழியில் யார் யார் வாசித்தார்களோ தெரியாது. அவர்களுக்கும் பதில் தெரிந்திருக்காது. தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி என்றபடியால் எழுதுகிறேன்.

தனி மாலைதான் வாங்க வேண்டும்.

கோபுரத்தோடு பல்ப்பையும் சேர்த்துக் கட்டுகிற ஆசாரியை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? கோபுரம் நிற்கும். விளக்கு திருவிழாவுக்கு வரும், திருவிழா முடியப் போகும். மாலையில் ஒரு பல்ப் கண்ணை மூடினால் அந்த வரிசை முழுதும் கூடவே படுத்துவிடும், அது உனக்கும் தெரியும். தனி மாலை என்றால் கழற்றி மடியில் வைத்து ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்க்கலாம். சரிவராவிட்டால் அந்த மாலையை எறிந்துவிட்டு வேறொன்று கட்டலாம். மரத்தோடு பூட்டியதை என்ன செய்வது? மரத்தையா எறிவது? இப்படி ஒரு மரத்தை யோசித்தவன் வாழ்நாளில் ஏணியில் ஏறியிருக்க மாட்டான்.

இங்கே கரண்ட் போய்ப் பத்து வருடம். ஜாம் போத்தல் விளக்கில் இதை எழுதுகிறேன். என் மாலைகள் இருபத்திரண்டும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஓடின இடமெல்லாம் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினேன். "நெல்லு மூட்டையை விட்டிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வாறியளே" என்று அண்ணி இன்னும் சொல்லிக் காட்டுகிறா. கரண்ட் வந்தவுடன் பிள்ளையார் கோயில் வீதியில் முதல் மாலை என்னுடையதாகத்தான் இருக்கும்.

மற்றக் கதைகள் இதற்குள் வேண்டாம்.

இ. தவராசா

பி.கு.: மொத்தம் எத்தனை பல்ப் என்று எழுதவில்லை. வயர் பச்சையா வெள்ளையா என்றும் எழுதவில்லை. கேட்கிற ஆள் முழுதாகக் கேட்டால்தான் சொல்கிற ஆள் முழுதாகச் சொல்லலாம்.

*

ஸ்காபரோ
11.02.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் கண்டதும் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று அழுதேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்துச் சூப் கொண்டுவந்து தந்தா. சூப் நல்ல ருசி.

ஆனால் தீர்ப்பு வந்துசேர்ந்தபோது நத்தார் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. டிசம்பர் இருபதாம் திகதி வரை பார்த்தோம். அதற்கு மேல் அனோஜா விடவில்லை, இவர் போய்ப் பூட்டிய மரத்தையே வாங்கி வந்துவிட்டார். நான்கு நாள் நன்றாக எரிந்தது. நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் நடுத்துண்டு முழுதும் இருண்டுவிட்டது. மேலே வெளிச்சம், கீழே வெளிச்சம், நடுவில் ஒன்றும் இல்லை. அனோஜா ஓடி வந்து, "அம்மா, மரத்துக்கு இடுப்பைக் காணேல்லை" என்றாள்.

இவர் மரத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து ஒன்றரை மணித்தியாலம் பல்ப் பல்ப்பாக ஆட்டிப் பார்த்தார். முந்நூறு பல்ப் அண்ணா, பச்சை வயர். (கேட்டதற்குப் பதில்.) பிறகு எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள் போய், ஒரு தனி மாலை வாங்கி வந்து இடுப்பைச் சுற்றிக் கட்டினார். எங்களை ஒருவரையும் தொட விடவில்லை.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏணியில் ஏறாதவன் என்ற இடத்தில் தேத்தண்ணீர் புரைக்கேறும்வரை சிரித்துவிட்டு, "இந்த மனிசனோடை நான் ஒருக்காக் கதைக்க வேணும்" என்றார்.

அண்ணா, வயரின் நிறம் கேட்டீர்கள். நான் யாரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று கேட்கவில்லை. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, லெம்பேட். மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், நாங்கள் சைவம், அதற்காகத்தான் படங்கள் திரும்பி வந்தன. அதற்கு மேல் உங்களுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. குறட்டையைத் தவிர அவரில் நான் ஒரு குறையும் காணவில்லை. தனக்கு மாமா இருக்கிறாரா என்று அனோஜா கேட்கிறாள். இருக்கிறார், விளக்குக் கட்டுகிறவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோபம் எனக்கும் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்: ஒரே ஒரு தடவை அவருடைய பெயரை உங்கள் கையால் எழுதிவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

மரத்தின் படம் ஒன்று உறைக்குள் வைத்திருக்கிறேன். மரம் மட்டும்தான், ஆட்கள் இல்லை. பயப்படாமல் பார்க்கலாம்.

தங்கை,
பிரேமிளா

*

விசுவமடு
19.08.2001

அன்பின் தங்கைக்கு,

வைகாசியில் கிடைத்த கடிதத்துக்கு இப்போது பதில். எழுதத் தெரியாமல் இருந்தேன் என்று வைத்துக்கொள்.

படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அந்த இடுப்பு மாலையைக் கட்டினவர் கீழிருந்து மேலே போயிருக்கிறார், அதுதான் சரி. மிச்ச வயரைக் கிளைகளுக்கு உள்ளே விட்டு வெளியில் பல்ப் மட்டும் தெரியச் செய்திருக்கிறார். சுவருக்குப் போகிற வயரை முதலில் தண்டில் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தியிருக்கிறார், பிள்ளைகள் இழுத்தாலும் மாலை வராது. அது நான் ஏணியடியில் உனக்குக் காட்டித் தந்த முடிச்சு. நீ சொல்லிக் கொடுத்தாயா, அவராகவே போட்டாரா? அவராகவே போட்டார் என்றால் ஆள் பரவாயில்லை.

அண்ணி இதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறா: "ஒரு முடிச்சைப் பாத்து மாப்பிள்ளைக்கு ஓமெண்ட ஆள் நீங்கள்தான்." நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை.

இப்போது எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் எங்கள் வாய்க்காலுக்கு அங்காலே தென்னங்கிடுகால் ஒரு மாதா கோயில் போட்டிருக்கிறது. அந்தக் கோயில் பாதர் சைக்கிளில் வந்து, நத்தார் மரத்துக்கு ஏதாவது வெளிச்சம் செய்து தரமுடியுமா என்று கேட்டார். கரண்ட் இல்லாமல் லைற்காரனுக்கு என்ன வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு யோசனை விடவில்லை. நாங்கள் இங்கே சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதித்து, டைனமோவில்தான் றேடியோச் செய்தி கேட்கிறோம். டைனமோ ஆறு வோல்ட். என் மாலையில் நாற்பது பல்ப், ஒவ்வொன்றும் ஆறு வோல்ட். மாலையை வெட்டிப் பிரித்து, பல்ப்புகளை இணையாகத் தொடுத்தால் ஒரு சைக்கிளில் ஐந்து பல்ப் எரியும்.

வெட்டத்தான் மனம் வரவேண்டும். அது என் பாடு. நீ உன் வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுது. மன்னாரில் மரத்துக்கு என்ன கொப்பு வெட்டுவார்கள்? விளக்கைப் பூசைக்கு முன் கொளுத்துவதா, பின்னா? உச்சியில் நட்சத்திரம் வைப்பார்களாமே, அதற்கு எத்தனை மூலை? என்னிடம் இருப்பது முருகன் கோயிலுக்குச் செய்த ஆறுமூலை நட்சத்திரம். அதை ஏற்றினால் குற்றமா?

பாதரையே கேட்கலாம்தான். ஆனால் அவருக்கு வயர் தெரியாது.

அண்ணன்,
தவராசா

*

ஸ்காபரோ
14.10.2001

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் இந்த முறையும் இல்லை. கவனித்தேன்.

அந்த முடிச்சு அவராகவே போட்டது. அவருடைய அப்பா கடற்றொழில். வள்ளம் கட்டுகிற முடிச்சாம், ஆறு வயதிலேயே பழகினதாம். கோயில் லைற்காரருக்கு எங்கள் வள்ளத்து முடிச்சு எப்படித் தெரியும் என்று அவர் என்னைக் கேட்கிறார். நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூன்று கேள்விகளையும் தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மன்னாரில் சவுக்குக் கொப்பு. அங்கே சவுக்கு இல்லாவிட்டால் நெருக்கமான இலையுள்ள எதுவும் சரி. விளக்கைப் பூசைக்கு முன்னரே கொளுத்த வேண்டும், வருகிற சனம் தூரத்திலேயே காண வேண்டும். நட்சத்திரத்துக்கு ஆறு மூலையும் சரி. "வேதத்திலை நட்சத்திரம் எண்டுதான் இருக்கு. மூலையை ஒருத்தரும் எண்ணேல்லை."

நாலாவதாக, நீங்கள் கேட்காத ஒன்றும் சொன்னார். சைக்கிள்களை ஒன்றோடொன்று தொடுக்க வேண்டாமாம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு தனி மாலையாம். ஒருவர் களைத்து நின்றாலும் மற்ற மாலைகள் எரியும் என்கிறார். பூட்டிய மரம்தான் வேண்டும் என்று நடுக்கடையில் நின்ற மனிதரின் வாயால் இதைக் கேட்க நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் தெரியுமா?

அந்தப் பூட்டிய மரத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை இருந்து பிரித்தார். முந்நூறு பல்ப்பும் குப்பைக்குப் போய்விட்டன. இப்போது அது வெறும் மரம். அனோஜா ஏழு தனி மாலை தெரிவு செய்து வைத்திருக்கிறாள், ஏழும் ஏழு நிறம். உங்களுக்குத் தலை சுற்றும்.

மாலையை வெட்டும்போது அண்ணியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

தங்கை,
பிரேமிளா

*

விசுவமடு
27.12.2001

அன்பின் மச்சான் லெம்பேட்டுக்கு,

உங்கள் மச்சான் தவராசா எழுதிக்கொள்வது. ஏழு வருடம் பிந்திய கடிதம். தபாலில் குற்றம் இல்லை, குற்றம் என்னுடையது. அதை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் எழுதச் சுகமாக இருக்கும் என்று விமலேஸ்வரி சொன்னா. சரியாகத்தான் சொல்லியிருக்கிறா.

மரம் எரிந்தது, மச்சான்.

சவுக்கு இங்கே இல்லை. காட்டில் ஒரு வீரைக் கொப்பு வெட்டினோம், பன்னிரண்டு அடி. இரண்டு மாலையை வெட்டினேன். வெட்டும்போது நான் கண்ணை மூடியதாக விமலேஸ்வரி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. அது பொய், ஒரு கண் திறந்துதான் இருந்தது.

கோயில் கொட்டிலுக்கு உள்ளே வைப்பதாகத்தான் ஏற்பாடு. குண்டு விமானம் வரும் என்ற பயத்தில் இங்கே வெளியில் வெளிச்சம் காட்டாமல் எவ்வளவோ காலம். இருபத்துநாலாம் திகதியோடு இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்துகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அன்று பின்னேரம் பாதர் வந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தவராசா அண்ணை, வெளியிலை வைப்பமா?" என்று கேட்டார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

வெளியில் வைத்தபடியால் ஒன்பது சைக்கிளுக்கு இடம் இருந்தது. மரத்தைச் சுற்றி வட்டமாக ஸ்ராண்டில் விட்டோம், மிதிக்கச் சுழலும் பின்சில்லில் டைனமோ. நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி மாலை, ஐந்து ஐந்து பல்ப். வயரெல்லாம் தண்டில் உங்கள் முடிச்சு. இல்லை, நம்முடைய முடிச்சு. ஆறு மணிக்கு ஒன்பது பேரும் ஏறி மிதித்தார்கள். ஒரு மாலை பிடித்தது, பக்கத்து மாலை பிடித்தது, பிறகு சுற்றிவர எல்லாம் பிடித்தன. உச்சியில் முருகனின் ஆறுமூலை நட்சத்திரம். மன்னார்ச் சனம் வாய்க்கால் வரம்பால் வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகுதான் ஓடி வந்தார்கள். பதினொரு வருடத்துக்குப் பிறகு நான் ஏற்றிய விளக்கு. கோயில் வேறு என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை.

பூசை நடக்கும்போது எங்கள் பக்கத்து வயல் அப்புத்துரை வெற்றிலை போடுவதற்கு மிதிப்பதை நிறுத்திவிட்டான். அவனுடைய மாலை நடுவில் கட்டியது. நான் என்னை மறந்து, "அப்புத்துரை, மரத்துக்கு இடுப்பைக் காணேல்லை" என்று கத்திவிட்டேன். பாதர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மற்ற எட்டு மாலையும் எரிந்தபடி இருந்தன. உங்கள் யோசனை பலித்தது என்று அப்போதே எழுத வேண்டும்போல் இருந்தது. அந்த இடுப்பு அனோஜாவின் சொல் என்று எல்லோருக்கும் சொன்னேன். என் மருமகள் என்றும் சொன்னேன்.

பிள்ளையாருக்கு இன்னும் இருபது மாலை இருக்கிறது. கரண்ட் வந்து, பாதை திறந்து, நீங்கள் மூன்று பேரும் வருகிற வருடம் திருவிழாவுக்கு ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பிரேமிளா பிடித்தது போதும். இந்த முறை நீங்கள் பிடியுங்கோ.

அன்பு மச்சான்,
தவராசா

பி.கு.: பிரேமிளா, உனக்குத் தனிக் கடிதம் இல்லை, மச்சானிடம் கேட்டு வாங்கி வாசி. அந்தக் கலியாணப் படங்களை இன்னும் வைத்திருக்கிறாய் என்றால் திரும்பவும் அனுப்பு.