கால்வாய் மரத்து இகுவானா

சிங்கப்பூர்.

இருசம்மாளுக்கு வேடியப்பன் எழுதுவது. நான் சுகம். நீயும் சங்கவியும் சுகமா? மலையில் சாமை அறுத்தாயிற்றா?

இங்கே கால்வாயோர மரங்களில் கிளை கழிக்கிறேன். போன வாரம் உச்சிக் கிளையில் இகுவானா ஒன்று வெயில் காய்ந்தது. உடும்பைவிட நீளம், பச்சை உடம்பு, முதுகெல்லாம் முள், தாடைக்குக் கீழே தொங்கும் தோல். கடிக்குமோ என்று பின்வாங்கினேன்.

"இன்னா மாமா, தழை துன்ற ஓணானுக்குப் போய் பயந்துகினு!" என்று வெள்ளிமலை ஜீவா கீழிருந்து சிரித்தான்.

அதற்குள் நானும் அதுவும் இருந்த கிளை முறிந்தது. அது தண்ணீரில் விழுந்து, வாலை வீசி நீந்திப் போய்விட்டது. நான் கரைப்பக்கம் இருந்தேன். மறுநாளே அதே மரத்தில் ஏறிவிட்டதாம். நான் இன்னும் ஏறவில்லை.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே, ஜீவாதான் எழுதுகிறான். கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் இலுப்பை எண்ணெய் வாங்கி அனுப்பு. மாவுக்கட்டு பிரித்ததும் வலது கையில் தடவ வேண்டும்.