அப்பாவின் நாற்காலியும் இடம் மாறிய பெருக்கல் குறிகளும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் யார் பேச்சையும் கேட்காமல் இருக்கிறது. போனில் எதையும் சொல்ல முடிவதில்லை, பக்கத்திலேயே அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். நிற்கிறார் என்று சும்மா எழுதவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் எழுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது, கேட்க அவருக்கு வாய் வராது, அதனால் உட்காருவதையே விட்டுவிட்டார். செய்தி பார்ப்பது, காபி குடிப்பது எல்லாம் நின்றபடியேதான். உன் வீட்டுக்குப் போகலாம் என்று வாயெடுத்தால் குளிர் என்கிறார், விமானத்தில் தூக்கம் வராது என்கிறார். ஒருநாள் மட்டும் வாய் தவறி, "அங்க போய் மருமக கையப் புடிச்சு எழுந்திருக்கணுமா" என்றார். அதைக் கேட்டு உன் அம்மாவுக்கு மூலையில் உட்கார்ந்து அழத் தெரியாது, உடனே அளவு டேப்பைத் தேடினேன்.

நீ விட்டுப்போன ட்ரில்லும், துளைபோட வழிகாட்டும் ஜிக் என்ற அச்சும் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. உன் பழைய படிப்பு மேசையைப் பிரித்துச் சட்டங்களாக அறுத்து, உயரமாக, கைவைத்த நாற்காலி ஒன்று செய்வதென்று முடிவெடுத்தேன். ஜிக்கைப் பலகையோடு இறுக்கிவிட்டால் துளை தானாகவே சாய்வாக விழுகிறது, அதன் வழியே திருகாணியை முடுக்கினால் இரண்டு கட்டைகளும் ஒட்டிப்பிறந்ததுபோல் சேர்ந்துகொள்கின்றன. பலகையின் தடிமனுக்கு ஏற்ப ஜிக்கை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறந்து, பழகிப் பார்த்த முதல் கட்டையில் திருகாணி மறுபக்கம் மூக்கை நீட்டியது. அப்பா எட்டிப் பார்த்து, "இது உட்காரவா, சட்டை மாட்டவா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகுதான் கூத்து. மேசையின் மேல்பக்கம் பூராவும் நீ காம்பஸ் முனையால் கீறிய படங்கள் இருக்கின்றனவே, அந்தப் பக்கத்திலேயே துளைகளும் போட்டு இரண்டையும் உள்ளே மறைத்துவிடலாம் என்று சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவைத்துக் கடைக்குப் போனேன். அப்பா கையில் துணி கிடைத்தால் வீட்டில் எதுவும் தப்பாது என்பது உனக்குத் தெரியும். தூசி என்று எல்லாச் சட்டங்களையும் துடைத்து, எனக்குத் தெரியக்கூடாது என்று குறிகளை அவரே திரும்பப் போட்டு அடுக்கிவைத்திருக்கிறார், அதுவும் மறுபக்கத்தில்! நான் குறியைப் பார்த்தேனே தவிர, கட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை, மளமளவென்று துளை போட்டு முடித்துவிட்டேன். இனி துளை வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உன் கைவண்ணம் தெரிய வேண்டும். கத்தித் தீர்த்தேன். அவரோ அலட்டிக்கொள்ளாமல், "புள்ள போட்டது வெளியவே இருந்துட்டுப் போகட்டுமே" என்கிறார். அந்த மேசையைக் கீறியதற்காக உன்னை வீடு முழுக்கத் துரத்திய அதே மனுஷன். மறந்து மாற்றினாரா, தெரிந்தே மாற்றினாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஒருவழியாக நாற்காலி எழுந்து நின்றது. ஒரு கால் ஆடியது, தேய்த்துச் சரிசெய்தேன். நேற்றுச் சாயங்காலம் அதைக் கூடத்தில் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவுவதுபோல் குழாயைத் திறந்துவைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார், யாரும் கை கொடுக்காமல். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரு பாராட்டு உண்டா? துணியை எடுத்து வந்து நாற்காலியைத் துடைத்தார், அவ்வளவுதான். இன்று காலையிலிருந்து அதில் உட்கார்ந்துதான் செய்தி பார்க்கிறார். பக்கச் சட்டத்தில் நீ கீறிய மீசைக்காரரும் அவரும் ஒரே ஜாடை, முறைப்பு உட்பட.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ராத்திரி கண் விழிக்காதீர்கள். நோய்நொடி இல்லாமல், சிரித்த முகத்தோடு இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் ஒரு காரியம் செய். உன் வீட்டு நாற்காலி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சொல். நான் கேட்கவில்லை, அப்பா கேட்கச் சொன்னார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்கிறார். கம்பளிச் சட்டையை மட்டும் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்.

உன் வரவையல்ல, உன் அளவையே எதிர்பார்த்திருக்கும்,
அம்மா