மாடிப்படி வயரிங்குக்கு இரண்டு மணி நேரம்

1984 மே 14, திங்கள்
காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். மலையில் சீசன் கூட்டம். ஹோட்டலில் எட்டாம் அறை ஃபேன், தோட்டத்து விளக்கு மூன்று, சமையலறை ப்ளக். எல்லாம் முடிந்தது.

சனிக்கிழமை சேலத்தில் வயர்மேன் பரீட்சை. இரண்டாவது தடவை. போன வருடம் செய்முறையில் போனது. வேலை தெரியாமல் இல்லை. ஒயர் போகும் மரக்கட்டையை நூல் பிடித்தாற்போல் அடித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. பல்ப் மாட்டவே இல்லை.

பன்னிரண்டு வருடமாக வேலை என்னுடையது, லைசென்ஸ் இல்லாததால் கையெழுத்து வேறொருவருடையது. போதும்.

மே 15, செவ்வாய்
சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. பழைய கதவுப் பலகையில் மாடிப்படி வயரிங். ஒரு பல்ப், இரண்டு சுவிட்ச். கீழே போட்டு மேலே அணைக்கலாம்.

என் மனைவி ஸ்டெல்லா அடுப்பங்கரையிலிருந்தே நேரம் சொன்னாள். அரை மணி ஆகியும் நான் முதல் கட்டையிலேயே.

"ஏனுங்க, அதைத் தடவிக்கிட்டே இருந்தா லைட்டு எரிஞ்சிருமுங்களா?"

முடிக்க இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். பரீட்சையில் இரண்டு மணிதான். கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. சாப்பிட்ட பிறகு அவளே காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தாள்:

படம் 10 நிமிடம்
கட்டை 40
ஒயர் 30
இணைப்பு 20
மீதி 20, சும்மா பார்க்க

"சும்மா பார்க்க எதுக்கு இருவது?"

"உங்களுக்கு அதுதானுங்க நொம்ப முக்கியம்."

மே 17, வியாழன்
மழை. மின்னல். மறுபடி ஒத்திகை. 1 மணி 50. கட்டை இம்மி கோணல். என் கண்ணை உறுத்துகிறது.

ஸ்டெல்லா சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். "கோணலா இருந்தாலும் எரியுதுங்களே!" கரண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். நானும் சிரித்துவிட்டேன்.

மே 19, சனி
முதல் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கம். சேலத்தில் இறங்கியதும் அனல்.

என் நம்பர் 17. பக்கத்துப் பலகையில் குப்பனூர்க்காரர் ஒருவர், ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறார்.

படம் எட்டு நிமிடம். கட்டை நாற்பத்தொன்று. கோணலைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். ஒயர், இணைப்பு. 22 நிமிடம் மீதி. சுவிட்சைப் போட்டேன்.

எரியவில்லை.

போன வருடத்து ஆளாக இருந்தால் மொத்தத்தையும் பிடுங்கியிருப்பேன். மெயினை அணைத்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். எல்லாம் சரி. அப்புறம்தான் பல்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டினேன். உள்ளே அறுந்த கம்பி கிணுகிணுத்தது.

தேர்வாளரிடம் போனேன். "சார், வேற பல்ப் கெடைக்குமுங்களா?"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வயரிங் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"ரெண்டு தடவ பார்த்துட்டேனுங்க சார்."

கொடுத்தார். எரிந்தது. கீழ் சுவிட்ச், மேல் சுவிட்ச், இரண்டிலும். குப்பனூர்க்காரர் ஆணியைத் துப்பிவிட்டு, "நானே பயந்துட்டேனுங்க!" என்றார்.

இன்னும் ஒன்பது நிமிடம். பரீட்சைக் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றேன். என்ன சுகம்!

ஜூலை 9, திங்கள்
தபால். ஸ்டெல்லா பிரித்துப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். எனக்கு உயிரே போயிற்று. "பாஸுங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள். ஹோட்டலில் எல்லோருக்கும் கேசரி. மேனேஜர் இரண்டு தடவை வாங்கினார்.

ஜூலை 27, வெள்ளி
தூறல். அரை நாள் லீவு. கிளியூரில் எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவரின் வீடு. இரண்டு அறை, மூன்று பல்ப். இதுவரை சிம்னி விளக்குதான். முழு வயரிங்கும் நான், போன வாரமே முடித்தது. மின்வாரியத்துக்குக் கொடுத்த தாளில் என் கையெழுத்து.

மதியம் மின்வாரிய ஆள் இணைப்புக் கொடுத்தார். அந்த அம்மாவையே சுவிட்சைப் போடச் சொன்னேன். கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். போட்டார்.

"அட சாமி, என்ற ஊட்டுச் சுவரு இம்புட்டு அழுக்கா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். உடனே துடைப்பத்தை எடுத்துவிட்டார்.