துரட்டியை இறக்கி வையுங்க

சேசு மரி சூசை துணை.

விழுப்புரம், திங்கட்கிழமை.

ரோசலி அப்பா அவர்களுக்கு சூசையம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்க இருமல் எப்படி இருக்குது? ஆடுங்க தேவலையா?

ரயில் கம்பியிலே பொங்கலுக்கு அப்புறந்தான் கரண்ட்டு வரும், அதுவரைக்கும் தைரியமா தழை ஒடிங்கன்னு போன கடுதாசியிலே எழுதினேன். அது தப்பு. வர்ற வெள்ளிக்கிழமையே நம்ம திண்டிவனம் பக்கம் விடுறாங்க. ஸ்டேஷன் நோட்டீசை ஜல்லி சுமக்கிற எல்லாருக்கும் நான்தான் படிச்சுக் காட்டினேன். அஞ்சாவது படிச்சவ இங்கே நான் ஒருத்திதான்.

"கம்பி மேலே காக்கா உக்காந்துக்கினுதானே இருக்குது, ஆயா?"ன்னு கூட வேலை செய்யுற பூமாலை சிரிச்சான். நேத்து யார்டுலே சோதனைக்குக் கரண்ட்டு விட்டப்போ ஈர மூங்கிலைத் தூக்கினான். கம்பியைத் தொடறதுக்கு முன்னாடியே நெருப்பு தாவுச்சு. பயப்படாதீங்க, பாதி மீசைதான் போச்சு. இப்ப அவன் பேரு அரைமீசை.

ஆனா உங்க துரட்டி முனை இரும்பு. ரயில்வே கேட்டண்டை கம்பிக்கு மேலே நீட்டித்தானே வாகைத்தழை ஒடிப்பீங்க? என் எழுத்தை நம்பித்தான் செய்யுறீங்கன்னு நெனச்சா சோறு இறங்கலை. தபால்காரர் இதைப் படிச்சுக் காட்டினதும் துரட்டியை அவர்கிட்டேயே குடுத்துடுங்க.

வியாழக்கிழமை காலையிலே ஜல்லி வண்டியிலே நம்ம கேட்டைத் தாண்டிப் போவேன். வண்டி நிக்காது. வழியிலே கொறிக்க வறுத்த மல்லாட்டை கொண்டாரச் சொல்லலாம்னு இருந்தேன், வேணாம். மேஸ்திரி கூப்பிடுறாரு. கேட்டண்டை நின்னு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க. வெறுங்கையா இருக்கணும்.

சூசையம்மாள்